இருட்டறையில் ஏற்றிய மெழுகுவர்த்தி

1890ஆம் ஆண்டு விடைபெற்று 1891 பிறக்கும் வேளை. இங்கிலாந்தில் நிழற்படக் கலையில் நாட்டங்கொண்டோர் கைகளில் சிறு ஏடொன்று வந்து விழுந்தது. அதன் ஓரங்களிலே கருங்கரை! இறந்தாருக்கு இரங்கி எழுதும் மடல்களுக்கு இடுவரே, அத்தகைய கரை. மறைந்தவர் மன்னரோ, மதகுருவோ என்று எண்ணிப் புரட்டியவர்கள் திகைத்திருப்பர். மாண்டது மனிதரல்ல, ஒரு கொள்கை. அதற்கு இறுதிச் சடங்கு செய்தவரும் வேற்றாரல்லர். அக்கொள்கையைப் பெற்று, பெயரிட்டு, ஊரெங்கும் முழங்கிய பீட்டர் ஹென்றி எமர்சனே! 'இயற்கைநெறி நிழற்படக் கலையின் இறப்பு' என்பது அந்த ஏட்டின் பெயர்.

சான்று நேரே வந்து நின்றாலும், "எம் முன்னோர் சொன்னது பொய்க்குமோ?" என்று கண்ணை இறுக மூடிக்கொள்வோர் மலிந்த உலகம் இது. இந்த உலகில், இரண்டாண்டுகூட நிரம்பாத தம் நூலைத் தாமே மறுத்து, கருங்கரையும் கட்டி அனுப்பிய மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அவர் கதையை நாம் அறியவேண்டாமா? அவரை அந்நிலைக்குக் கொணர்ந்தவர்களோ ஓவியரல்லர், புலவரல்லர். சோடா உப்புச் செய்யும் ஆலையில் பணிபுரிந்த இருவர்! அவர்கள் கையில் இருந்த கருவியோ ஒரு மெழுகுவர்த்தி!

எமர்சன் 1856இல் கியூபாத் தீவில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்றவர். மருந்துப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டவர். அந்நாளில் படப்பெட்டி என்பது சட்டைப் பையில் அடங்கும் பொருளன்று. முக்காலி, கருந்துணி, தோல் துருத்தி, கனத்த கண்ணாடித் தகடுகள் என ஒரு சுமைகூலிக்குரிய பாரம் அது. ஒரு தகட்டுக்கு ஒரு படம். அத்தனையையும் சுமந்துகொண்டு அவர் நார்போக் நாட்டின் சதுப்பு நிலங்களுக்குப் போனார். சீமாட்டிகளுக்குப் பட்டுத்திரை கட்டிப் படமெடுக்கவா? இல்லை! சேற்றில் நின்று நாணல் அறுப்போரை, ஓடம் தள்ளுவோரை, வைக்கோல் சுமப்போரை எடுத்தார். ஓவியர் குடால் என்பாரோடு சேர்ந்து 1886இல் வெளியிட்ட தொகுப்பில் அம்மக்களின் வாழ்வு பிளாட்டினத் தாளில் பதிந்தது.

அவருக்கு முன்னிருந்த பெரும்புள்ளி ஹென்றி பீச் ராபின்சன். ஐந்து நெகடிவ்களை ஒட்டுப்போட்டு ஒரே படமாக்கிய 'மங்கி மறைதல்' 1858லேயே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. நாட்டுப்புறப் பெண் வேண்டுமா? நகரத்து நங்கையை அழைத்துக் கந்தல் உடுத்திவிட்டால் போயிற்று! இதுதான் அவர் வழி. எமர்சனுக்கு இது பொறுக்கவில்லை. 1889இல் 'இயற்கைநெறி நிழற்படக் கலை' என்ற நூலை எழுதினார். உழைப்பவனை உழைக்கும் இடத்திலேயே எடு. ஒட்டாதே, வெட்டாதே, வேடங்கட்டாதே என்றார். அதுவரை நாமும் அவர் பக்கமே.

ஆனால் அந்நூலில் இரண்டு தூண்கள் இருந்தன. ஒன்று லென்ஸைப் பற்றியது. மற்றது தகட்டைக் கழுவுவதைப் பற்றியது.

லென்ஸின் கூர்மை என்பது அந்நாளில் ஒரு பெருமைப் போட்டி. 1839இல் தகேர் தம் முறையை வெளியிட்டபோது இருந்த லென்ஸ் மங்கலான ஒளியையே உள்ளே விட்டது. மனிதர் பல நிமிடம் சிலையாய் அமரவேண்டும். மறு ஆண்டே வியன்னாக் கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால் தாளும் எழுதுகோலும் கொண்டு ஒரு லென்ஸைக் கணக்கிட்டே படைத்தார். கணக்குப் போட்டுத் தள்ளுவதற்குப் பீரங்கிப் படையின் வீரர் சிலரை அரச குடும்பத்தார் ஒருவர் அவருக்கு அனுப்பினாராம். குண்டு எறியக் கற்ற கணக்கு கண்ணாடி தேய்க்கப் பயன்பட்டது. பீரங்கி செய்த நற்செயல்களில் இதுவும் ஒன்றென்போம்! பழையதைப்போல் ஏறத்தாழப் பதினாறு மடங்கு ஒளியை விட்டது அந்த லென்ஸ். நிமிடங்கள் நொடிகளாயின. எனினும் படத்தின் நடுவே மட்டும் கூர்மை. ஓரங்கள் கரைந்து குழம்பின. அந்த ஓரங்களையும் கூராக்குவதற்கே அடுத்த ஐம்பதாண்டு லென்ஸ் செய்வோர் பாடுபட்டனர்.

எமர்சனோ எதிர்நீச்சல் போட்டார். செருமானிய அறிஞர் எல்ம்ஹோல்ட்ஸின் கண்ணியல் ஆராய்ச்சியைப் படித்திருந்தார். மனிதக் கண் தன் நோக்கின் நடுப்புள்ளியை மட்டுமே கூர்மையாகக் காண்கிறது. சுற்றிலும் உள்ளவை மங்கலே. ஆகவே படத்திலும் தலைமைப் பொருளை மட்டும் ஓரளவு கூராக்கி, மற்றவற்றை மெல்ல மங்கவிடுவதே இயற்கை என்றார். கேட்பதற்கு வலுவான வாதம். ஆயினும் இதில் ஓட்டை ஒன்று உண்டு. கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது தாவிக்கொண்டே இருக்கிறது. படத்தைப் பார்க்கும்போதும் அவ்வாறே தாவும். மங்கலாக விட்ட மூலையைக் கண் சென்று நோக்கினால் அங்கே மங்கலைத்தான் காணும்; மெய்யான வயலில் அந்த மூலையை நோக்கினாலோ அங்கே நாணலும் நீரும் தெளிவாய் நிற்கும்! அறிவியலைத் துணைக்கழைத்தவர் அதன் பாதியை மட்டும் அழைத்துவந்தார் என்பது நம் எண்ணம். அவர் வழிவந்த ஜார்ஜ் டேவிசன் 1890இல் லென்ஸையே தூக்கி எறிந்துவிட்டு, ஊசித்துளை வழியே வயல் ஒன்றைப் படமெடுத்துப் பரிசும் பெற்றார். படம் முழுதும் பனிமூட்டம். ஆசான் கேட்டதோ அளவான மங்கல். மாணவர் கொட்டியதோ அண்டா நிறைய!

இரண்டாம் தூணுக்கு வருவோம். நம் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒளிபட்ட தகட்டை மருந்து நீரில் இட்டுக் கழுவினால்தான் உருவம் எழும். பைரோகலால், அம்மோனியா, புரோமைடு ஆகியவையே அந்நாளின் மருந்துகள். சிவப்பு விளக்கின் அடியில் தட்டத்தை ஆட்டிக்கொண்டே உருவம் எழுவதைப் பார்ப்பார் படக்காரர். "நிழல் சற்றுப் பின்தங்குகிறது, இன்னும் ஒரு சொட்டு அம்மோனியா! வானம் முந்துகிறது, புரோமைடு இரண்டு சொட்டு!" இப்படி ஊற்றி ஊற்றியே ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள உறவை விரும்பியவாறு மாற்றிவிடலாம் என்று எல்லோரும் நம்பினர். அவரவர்க்கு ஒரு கைமுறை. அவரவர்க்கு ஒரு கமுக்கம். தந்தை மகனுக்கன்றி வேறொருவர்க்குச் சொல்லார். நம் நாட்டிலே 'கைராசி' என்கிறோமே, அதே சரக்குத்தான்! இருட்டறை ஒரு கருவறை. உள்ளே நிற்பவர் பூசாரி. தீர்த்தத்தின் சேர்க்கை வெளியாருக்குத் தெரியக்கூடாது. எமர்சனும் இதை நம்பியவரே. கழுவும் வேளையில் தன் கருத்துக்கு ஏற்ப ஒளிநிழலை ஆளும் ஆற்றல் கலைஞனுக்கு உண்டு. ஆகவே நிழற்படம் கலையே என்பது அவர் கட்டிய கோட்டை.

அக்கோட்டைக்கு வேட்டு வைத்த ஊர் விட்னஸ். அந்நாளில் இலங்காசயரில் இருந்த, சோடா ஆலைகளும் அமிலப் புகையும் நிறைந்த ஊர். அழகைத் தேடி எவரும் அங்கே போகார். அங்கே காஸ்கல்-டீக்கன் ஆலையில் வேதியியலறிஞராக இருந்தவர் பெர்டினான்ட் ஹர்ட்டர். 1844இல் சுவிட்சர்லாந்தின் ஷாப்ஹாசனில் பிறந்து செருமனியில் ஹைடல்பர்க்கில் பயின்றவர். உடன் பணிபுரிந்த பொறியாளர் வீரோ சார்லஸ் டிரிபீல்ட். 1848இல் பிறந்த ஆங்கிலேயர். டிரிபீல்டுக்குப் படமெடுப்பதில் ஆசை, நண்பரையும் இழுத்துவிட்டார். ஆனால் ஆலையில் ஒவ்வொன்றையும் நிறுத்தும் அளந்தும் பழகிய ஹர்ட்டருக்கு, "கையளவு, கண்ணளவு" என்ற பேச்சு எரிச்சலூட்டியது. எவ்வளவு ஒளி, எவ்வளவு கருமை என்று எவராவது அளந்ததுண்டா என்று வினவினர் இருவரும்.  ஓய்வு நேரங்களில் தாமே அளக்கத் தொடங்கினர். அப்பணி பத்தாண்டுக்கும் மேல் நீண்டது.

முறை எளிது. மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் தகட்டை வைப்பது. முதற் பகுதிக்கு ஒரு பங்கு ஒளி, அடுத்ததற்கு இரண்டு, பின்பு நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போவது. பிறகு கழுவி, ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்று அளப்பது. பத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் பகுதிக்குச் செறிவு 1. நூறில் ஒரு பங்கு விட்டால் 2. ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டால் 3. மடக்கை, அதாவது லாகரிதம்! இது எதற்கு உதவும் என்று வகுப்பில் முணுமுணுக்கும் மாணவர்க்கு நாம் காட்டத்தக்க எடுத்துக்காட்டு இதனினும் நன்று கிடைக்குமோ? அவ்வாறு கண்ட செறிவு, தகட்டில் படிந்த வெள்ளியின் அளவுக்கு நேர் விகிதமாய் இருப்பதையும் வேதியியல் முறையில் அளந்து காட்டினர்.

ஒளியின் மடக்கையைக் கீழே கிடையாகவும் செறிவை மேலே நிலையாகவும் வைத்துப் புள்ளியிட்டபோது எழுந்தது ஒரு வளைகோடு. அடியிலே பாதம்போல் மெல்ல எழும். நடுவிலே நேராய் ஏறும். உச்சியில் தோள்போல் வளைந்து சாயும். பாதம் ஒளி குறைந்த பகுதி. தோள் ஒளி மிகுந்த பகுதி. நேர்கோடே நேர்மையான பகுதி. அந்த நேர்கோட்டிலிருந்து தகட்டின் உணர்வாற்றலுக்கு ஓர் எண் கணித்தனர். அவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய அந்த எண் பிற்காலத்தில் தகட்டுப் பெட்டிகளின்மேல் அச்சாயிற்று. 'மிக விரைவு', 'மின்னல் விரைவு' என்று வணிகர்கள் கூவிய கூச்சலை ஓர் எண் வாயடைத்தது!

அடுத்த சோதனைதான் எமர்சனை வீழ்த்தியது. ஒரே வகையாய் ஒளிபட்ட தகட்டுத் துண்டுகளைக் குறைந்த நேரமும் மிகுந்த நேரமுமாகக் கழுவினர். கருமை கூடியது உண்மை. ஆனால் எப்படிக் கூடியது? விளக்கத்துக்காக எண் சொல்வோம். குறைந்த நேரத்தில் மூன்று பகுதிகள் 0.3, 0.6, 0.9 என்ற செறிவு பெற்றால், மிகுந்த நேரத்தில் 0.6, 1.2, 1.8 பெறும். எல்லாம் இரட்டித்தன, ஒன்று-இரண்டு-மூன்று என்ற உறவோ மாறவில்லை! கழுவும் காலத்தால் முழுவதையும் ஏற்றலாம், இறக்கலாம்; நிழலை மட்டும் தனியே தட்டிக்கொடுத்து, வானத்தை மட்டும் தனியே அடக்கிவைக்க இயலாது. சொட்டுச் சொட்டாய் ஊற்றிய தீர்த்தங்களெல்லாம் வீண் மந்திரமே. இந்த ஆய்வுரை 1890 மே 31ஆம் நாள் வேதியியல் தொழிற்கழகத்தின் இதழில் வெளியாயிற்று.

படக்காரர்கள் சீறினர். நாற்பதாண்டு அனுபவத்தை மெழுகுவர்த்தி வைத்து அளப்பதா? கலையைக் கணக்கர் தீர்மானிப்பதா? சீற்றத்தில் பொருமியவர்களுள் எத்தனைபேர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தனர் என்று கேட்டால், விடைசொல்ல விரல்கள் மிஞ்சும்!

எமர்சன் படித்தார். ஓவியர் ஒருவருடன் நிகழ்ந்த உரையாடலும் அவரை ஏற்கெனவே உலுக்கியிருந்தது. மருத்துவப் பயிற்சி பெற்றவர். அளந்து காட்டியதை மறுக்கும் மனம் அவருக்கு இல்லை. ஒளிநிழலின் உறவைக் கலைஞன் ஆள முடியாதெனில் நிழற்படம் கலையாகாது என்று முடிவு கட்டினார். கருங்கரை ஏட்டை அச்சிட்டார். 1899இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'நிழற்படம் கலையன்று' என்று ஓர் இயலே சேர்ந்தது.

அவர் நேர்மையைப் போற்றுகிறோம். அவர் முடிவைப் போற்ற இயலவில்லை. இசைக்கருவியின் நரம்பு இத்தனை நீளத்துக்கு இந்தச் சுருதிதான் தரும் என்று கண்டறிந்ததும் இசை செத்தா போயிற்று? மந்திரம் இல்லையென்றால் கலையும் இல்லையென்று எண்ணியது, மந்திரத்தை நம்பியதன் எச்சமே. ஒரு மடமையை உதறிய கையோடு, அம்மடமை கற்பித்த அளவுகோலையும் அவர் உதறியிருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கையெழுத்திட்டு நிழற்படக் கலைக்குப் பாடைகட்டியவர் படமெடுப்பதை விடவில்லை. 1895இல் 'சதுப்பு நில இலைகள்' வெளிவந்தது. பனியும் நீரும் வெறுங்கிளைகளுமாய் அவர் எடுத்தவற்றுள் அதனை மிகச் சிறந்ததென்று கூறுவோர் பலர்.

லென்ஸின் பக்கம் அதே 1890இல் நடந்ததையும் சொல்லவேண்டும். செருமனியின் யேனா நகரில் சைஸ் தொழிலகத்திலிருந்து பவுல் ருடால்ப் கணக்கிட்ட புதிய லென்ஸ் வந்தது. ஓரங்களையும் கூராக்கும் ஐம்பதாண்டுக் கனவு அதில் பெரிதும் நனவாயிற்று. 1902இல் அவரே படைத்த நான்கு கண்ணாடி டெஸ்ஸார் உலகெங்கும் பரவியது. இவற்றுக்கு அடிப்படை, ஓட்டோ ஷாட் உருக்கிய புதுவகைக் கண்ணாடியும் எர்ன்ஸ்ட் ஆபேயின் கணிதமும். ஆபே யார்? நூற்பாலைத் தொழிலாளியின் மகன். தந்தை நாளொன்றுக்குப் பதினான்கு மணிநேரமும் அதற்கு மேலும் நின்றபடி வேலை செய்ததைச் சிறு வயதில் கண்டவர். பேராசிரியராகி, தொழிலகத்தின் உரிமையாளராகி, செல்வம் குவிந்தபோது என்ன செய்தார்? 1889இல் ஓர் அறநிறுவனம் நிறுவி, தம் பங்கை 1891இல் அதற்கே ஒப்படைத்தார். பிறப்பு, மதம், கட்சி பார்த்துப் பணி தரலாகாது என்று 1896ஆம் ஆண்டு விதியில் எழுதிவைத்தார். 1900இல் எட்டு மணிநேர வேலை வந்தது. கூர்மையான லென்ஸைக் காணும்போதெல்லாம் இந்தச் செய்தியும் நம் நினைவில் எழுதல் நன்று.

இருட்டறைக்குத் திரும்புவோம். ஹர்ட்டர் 1898இல் மறைந்தார். அவ்வாண்டே நிழற்படக் கழகம் இருவருக்கும் பதக்கம் அளித்தது. ஹியர்போர்டு நகரத்து ஆல்பிரட் வாட்கின்ஸ், உருவம் முதலில் தலைகாட்டும் வரை ஆகும் நொடிகளை ஓர் எண்ணால் பெருக்கினால் கழுவும் நேரம் கிடைக்கும் என்று 1894இல் வழி சொன்னார். (இவரே பிற்காலத்தில் பண்டை நாளின் வழித்தடங்கள் நேர்கோட்டில் அமைந்தவை என்று எழுதியவர். அவர் மறைந்த பின் வந்தவர்கள் அக்கோடுகளில் மாய ஆற்றல் ஓடுவதாகக் கதை கட்டினர். கடிகாரம் கொடுத்தவருக்குக் கிடைத்த கைம்மாறு!) இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மீஸ், ஷெப்பர்ட் என்ற இரு இளைஞர்கள் விட்னஸ் சோதனைகளைத் தொடர்ந்தனர், புரோமைடு சேர்ந்தால் அந்த மாறா உறவும் சற்றே பிறழும் என்று திருத்தம் கண்டனர். அறிவியலில் ஆசானையும் திருத்தலாம். அதற்காக எவரும் ஊர்விலக்கம் செய்யார். மீஸ் 1906இல் குராய்டனின் ரேட்டன் தொழிலகத்தில் சேர்ந்தார். சிவப்பு உட்பட எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் அங்கே வெளிவந்தன. சிவப்பையும் உணரும் தகட்டுக்குச் சிவப்பு விளக்கு ஆகுமா? அணைத்தாக வேண்டும்! முழு இருளில் எதைப் பார்த்துச் சொட்டு ஊற்றுவது? கைராசிக்காரர் கண் கட்டப்பட்டது. வெப்பமானியும் கடிகாரமும் மட்டுமே எஞ்சின.

1932இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்டு வெஸ்டன், இமோஜன் கன்னிங்காம் முதலியோர் 'எப்/64' என்று தம் குழுவுக்குப் பெயரிட்டனர். பெரிய படப்பெட்டியின் லென்ஸ் துளையை மிகச் சிறிதாக்கும் எண் அது. அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள மலையும் ஒருங்கே தெளியும். எமர்சனின் மங்கலுக்கு நேர் எதிர்! ஆயின் துளை சிறுத்தால் கூர்மைக்கும் ஓர் விலை உண்டு. ஒளி அலையாதலின் விளிம்பில் வளைந்து சிதறும். அந்த அளவில் ஒரு புள்ளி மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு அகலமாய் விரியும். சிறு பிலிமைப் பெருக்கினால் அது கண்ணில் உறுத்தும். எட்டு அங்குலத்துக்குப் பத்து அங்குல நெகடிவைப் பெருக்காமல் தாளோடு ஒட்டி அச்சிட்டாலோ, மனிதக் கண் பிரித்தறியும் எல்லையிலேயே அது நின்றுவிடும். பெரிய தகட்டின் வலிமை இதுதான். லென்ஸ் மட்டுமே தருவதன்று.

அந்த ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சர் என்பவரோடு 1939-40இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலைப்பள்ளியில் வகுத்த முறை நம் கதைக்கு எதிர்பாராத திருப்பம் தருகிறது. நிழலுக்கேற்ப ஒளி கொடு. வெளிச்சத்துக்கேற்பக் கழுவு என்பது அதன் சுருக்கம். நிழலின் செறிவு 0.1, வானத்தின் செறிவு 1.2 என்று கொள்வோம். கழுவும் நேரத்தை நீட்டி இரண்டையும் 1.3 மடங்காக்கினால் நிழல் 0.13, வானம் 1.56. விகிதம் மாறவில்லை, விட்னஸ் விதி சொன்னபடியே! ஆனால் நிழல் ஏறியது நூலளவு. வானம் ஏறியது முழத்தளவு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 1.1இலிருந்து 1.43 ஆகிவிட்டது. மந்தமான காலைக் காட்சியா, நேரத்தை நீட்டு. கண்கூசும் நண்பகலா, நேரத்தைக் குறை. ஒவ்வொரு தாளையும் தனித்தனியே கழுவும் பெரிய படப்பெட்டிக்காரர்க்கு இது கைவந்த கருவி. எமர்சன் இறந்துவிட்டதாக அறிவித்த ஆட்சி அவரைக் கொன்ற அதே கணக்கின் உள்ளேதான் இருந்தது. அவர் 1936இல் மறைந்தார். இன்னும் மூன்று நான்கு ஆண்டு இருந்திருப்பின் இதைக் கண்டிருக்கக்கூடும்.

'நெகடிவ்' என்ற நூலை ஆடம்ஸ் 1948இல் வெளியிட்டார்; 1981இல் திருத்தி எழுதினார். அத்திருத்தப் பதிப்பைப் புரட்டினால், மலைகளும் மரங்களும் நிறைந்த பக்கங்களுக்கிடையே, பாதமும் நேர்கோடும் தோளுமாக அந்த வளைகோடு நிற்பதைக் காணலாம்.